கத்திரிப்பூ நிறத்தில் மாதா

கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் மாதா சபைப் பெண்கள் எட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தார்கள். நான் நாற்காலியின் விளிம்பில், யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்து போய்விடத் தோதாக உட்கார்ந்திருந்தேன். எங்கே போனாலும் நான் அப்படித்தான்.

எங்கள் சபைத் தலைவி பிலோமினா அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே ஆயிரம் மாதா படங்கள். கொடியேற்றத்தன்று வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பதற்கு. கட்டுகளில் ஜெபம் அச்சடித்த பின்பக்கம் மேலே இருந்தது. அவள் ஒரு படத்தை உருவித் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? மாதா துக்கத்துல கீறாங்க?"

எட்டிப் பார்த்தேன். மாதாவின் முக்காடு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

எங்கள் கோயில் மாதா சுரூபத்தில் அந்த முக்காடு நீலம். புது மை பாட்டிலைத் திறந்தால் தெரியுமே, அந்த நீலம். கத்திரிப்பூ நிறம் எங்களுக்குத் தவக்காலத்து நிறம். சாவுப் பூசைக்கும் சாமியார் அந்த அங்கிதான் போடுவார். திருவிழாப் படத்தில் அது வந்தால் கல்யாண வீட்டு வாசலில் சங்கு ஊதின மாதிரி.

பிலோமினா தன் போனை எடுத்து, தான் பிரஸ்ஸுக்கு அனுப்பிய படத்தை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில் நீலம். அட்டையில் கத்திரிப்பூ.

"ஏ ஞானம், நீ அந்த பிரஸ்ஸுலதானே கீற? யாரு பாத்து அடிச்சாங்க இத்த?"

பதில் வாய் வரைக்கும் வந்தது. "பாயைக் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அங்கேயே பாய்க்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பிரஸ் முதலாளி யூசுப் பாய் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தப்பு எங்க பக்கம்மா. மிஷின் கோளாறு. கொடியேத்தம் வெள்ளிக்கிழமைதானே? பழசத் திருப்பி அனுப்பிடுங்க, அதுக்குள்ள புதுசா அடிச்சிக் குடுத்துடறேன். மரியம் பீவி எங்களுக்கும் வேண்டியவங்கதான். மனசு கஷ்டப்படாதீங்க."

மிஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து, சரி, ஓட்டலாம் என்று சொன்னவள் நான். அது பாய்க்கும் தெரியும்.

வாசலில் நிற்கிற வேலை

எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த உங்களுக்குக் கம்ப்யூட்டர் பிரஸ்ஸில் என்ன வேலை என்று, இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மா வேலூரிலிருந்து கேட்டு எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். அவர் கேட்டது நியாயம்.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது யூசுப் பாயின் கடை. பெருக்குவேன். தாள் அடுக்குவேன். வெட்டி வந்த அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டுவேன். பளபளப்புக் காகிதம் ஒட்டும்போது குமிழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இதெல்லாம் போக, ப்ரூஃப் பார்ப்பேன்.

ப்ரூஃப் என்றால் வேறொன்றுமில்லை. ஆயிரம் அடிப்பதற்கு முன் ஒன்று அடித்துப் பார்ப்பது. சோற்றில் ஒரு பருக்கை நசுக்கிப் பார்க்கிறோமே, அதுதான்.

அந்த வேலை எனக்கு வந்தது தற்செயல். அதற்கு முன் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மேட்சிங் துணிக்கடையில் நான் பல வருஷம் நின்றதைப் போன வாரம் எழுதினேன். புடவையை எடுத்துக்கொண்டு ரவிக்கைத் துணிக்கு வருகிற எந்தப் பெண்ணும் கடை லைட்டில் பார்த்து வாங்க மாட்டாள். "வெளியில காட்டு" என்பாள். நான் துணிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு தெருவுக்குப் போவேன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. பச்சையில் எத்தனை பச்சை, அரக்கில் எத்தனை அரக்கு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெருதான் சொல்லித் தந்தது.

பிரஸ்ஸில் சேர்ந்து இரண்டு மாதம் நான் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் பாயும் டிசைன் போடுகிற கலாவும் ஒரு புடவைக்கடை நோட்டீஸை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ரோஸ் சரியாக வந்திருக்கிறது என்கிறாள் அவள். இல்லை என்கிறார் இவர். நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, நோட்டீஸையும் சாம்பிள் துணியையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். பழைய பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. "இங்க வந்து பாருங்க" என்றேன். வந்து பார்த்தார்கள். ரோஸ் தப்பு.

அன்றையிலிருந்து பாய் ஒரு சட்டம் போட்டுவிட்டார். "உள் லைட்டு பொய் சொல்லும். ஞானம் வாசல்ல வெச்சிப் பாத்து சொன்னாத்தான் மிஷின் ஓடும்."

சரியாக இருந்தால் தலையை ஆட்டுவேன். இல்லையென்றால் ஒன்றிரண்டு வார்த்தை. "மஞ்சள் ஜாஸ்தி." "முகம் செத்துப் போயிருக்கு." கலா முனகுவாள்: "பெரிம்மா வாயத் தொறந்தா ஒரு மணி நேரம் மிஷின் நிக்குது."

நாலு மை

கலாவுக்கு நாற்பது வயது இருக்கும். வியாசர்பாடியிலிருந்து வருகிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லுவாள்.

திரையில் நாம் பார்க்கும் படம் வெளிச்சத்தால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம். அதற்கு ஆர்ஜிபி என்று பேர். தாளில் வெளிச்சம் கிடையாது, மைதான். சிஎம்ஒய்கே என்பார்கள். சி என்றால் ஒரு வெளிர் நீலம், எம் என்றால் அடர்ந்த ரோஸ், ஒய் என்றால் மஞ்சள், கே என்றால் கருப்பு.

"கருப்புக்கு ஏன் கே?" என்று கேட்டேன்.

"கருப்புக்குக் 'க'தானே பெரிம்மா. நம்மாளு எவனோ பேர் வெச்சிருப்பான்."

ஒரு வருஷம் இதை நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ப்ளீட் என்று ஒன்று. வெட்டுகிற கோட்டைத் தாண்டியும் படத்தைக் கொஞ்சம் நீட்டி விடுவார்கள். இல்லையென்றால் கத்தி ஒரு நூல் விலகினாலும் ஓரத்தில் வெள்ளை தெரியும். தையலுக்குத் துணி விடுகிற மாதிரி என்று நான் சொன்னபோது கலா, "இத்தப் புரிஞ்சிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றாள். ப்ரொஃபைல் என்று இன்னொன்று. எந்தத் தாள் எவ்வளவு மை குடிக்கும், எப்படி நிறம் காட்டும் என்கிற கணக்கு. "பேப்பரோட ஜாதகம்" என்பாள்.

எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது நீலம். திரையில் நீலம் தனி வெளிச்சம், தகதகவென்று நிற்கும். தாளில் அதே நீலம் வர வேண்டுமானால் சியோடு எம் கலக்க வேண்டும். எம் கொஞ்சம் கூடிப் போனால் போச்சு. "சி நூறுன்னா எம் எழுபதத் தாண்டக் கூடாது பெரிம்மா. தாண்டுனா கத்திரிக்காதான்" என்று கலா அடிக்கடி சொல்லுவாள்.

அப்படிச் சொன்னவளே அந்த வாரம் நாலு வேலைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு திண்டாடினாள். பிலோமினா போனில் அனுப்பிய மாதா படத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே மைக்கணக்குக்கு மாற்றியது. அவள் எண்களைப் பார்க்காமல் ஒரு ப்ரூஃப் எடுத்தாள்.

"பெரிம்மா, எனக்கு இன்னமோ கொஞ்சம் கத்திரிக்கா மாரி தெரியுது. பாத்து சொல்லு."

போன வருஷத்துப் படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கடும் வெயில். வெக்கை உள்ளே வந்து மிஷின் சூடாகிறது என்று பாய் நாலைந்து நாளைக்கு முன்னால்தான் வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார். கண் கூசாமல் நின்று நிதானமாகப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீலம். தலையை ஆட்டினேன்.

"உள்ள வேற மாரி கீதே பெரிம்மா."

"உள் லைட்டு" என்றேன்.

கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். அதுதான் பிறகு முள்ளாகக் குத்தியது.

வெட்டிக் கட்டும்போது எனக்கும் அது கத்திரிப்பூவாகத்தான் தெரிந்தது. ஆனால் நான்தான் வெளியில் பார்த்துவிட்டேனே. உள் லைட்டு பொய் சொல்லுகிறது என்று நினைத்து, ஜெபப் பக்கம் மேலே வைத்துக் கட்டினேன்.

அக்காவின் கண்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டியிலிருந்த புடவைகளை எல்லாம் எடுத்து ஜன்னலடியில் பரப்பினேன். நீலம் நீலமாக இருந்தது. கத்திரிப்பூ கத்திரிப்பூவாக இருந்தது. சோப்பு, தீப்பெட்டி, பக்கெட் எல்லாம் அதது நிறத்தில் இருந்தன. எல்லாம் சரியாகத் தெரிந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கண் ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் ஏமாற்றுகிறது என்றுதானே அர்த்தம்?

என் மூத்த அக்கா ஆரோக்கியம் அப்படித்தான் ஆரம்பித்தாள். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். சர்க்கரை வியாதியில் பார்வை போய்க்கொண்டிருந்ததை ஒரு வருஷம் யாருக்கும் சொல்லாமல் மறைத்தாள். கை பழக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, செதில் எடுத்து முடித்த மீனையே மறுபடி எடுத்து வைத்துச் செதில் எடுக்க ஆரம்பித்தாள். வாங்க வந்தவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, ஆனால் என்னைப் பார்க்காமல், "யாருக்கும் சொல்லாதே ஞானம்" என்றாள்.

நான் சொல்லவில்லை. நாங்கள் அப்படி ஒரு குடும்பம். சொல்லியிருந்தால் ஒரு கண்ணாவது மிச்சமாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கலாவுக்குச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவள் நாலு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"இன்னா பெரிம்மா, காய்ச்சல்னா போன் கூடவா எடுக்க முடியாது? பேப்பர் வந்துடுச்சி. பாய் மிஷினத் தொட வுட மாட்றாரு. ஞானம் வந்து பாத்தாத்தான் ஓட்டணுமாம். வெள்ளிக்கிழமை கொடியேத்தம்."

"வேற யாராச்சும் பாக்கட்டும்."

"வேற யாரு கீறா? எங்க கண்ணெல்லாம் கண்ணா?"

அந்த வார்த்தையைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பிரஸ்ஸில் பெருக்குவதற்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். என் கண்ணுக்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். எனக்கும் இந்த ஊரில் ஒரு ஆள் என்று பேர் வந்தது அந்தக் கண்ணால்தான். அது போனால் நான் பழையபடி நாற்காலி விளிம்பில் உட்காருகிற ஞானம், அவ்வளவே.

புள்ளிகளுக்குள் எண்

புதன்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் தண்டையார்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா பிரச்சினை?"

"நீலம் தெரியல."

அவள் ஒரு புத்தகத்தை விரித்தாள். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள். நடுவில் வேறு கலர் புள்ளிகளால் ஒரு எண் ஒளிந்திருக்கும். என்ன எண் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அடுத்தது. சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அப்புறம் கலர் கலராக நூல் கண்டுகள் கொடுத்து, வெளிரிலிருந்து அடர்வு வரைக்கும் அடுக்கச் சொன்னாள். அது என் பழைய தொழில். மடமடவென்று அடுக்கினேன்.

அவள் சிரித்தாள். "அம்மா, என்னைவிட உங்களுக்கு நல்லா கலர் தெரியுது. இடது கண்ணுல லேசா புரை ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு ஒண்ணும் வேணாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க, போதும்."

படியிறங்கினேன். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்றால், கத்திரிப்பூவை நீலம் என்று எப்படிச் சொன்னேன்? கோளாறு கண்ணில் இல்லையென்றால் புத்தியிலா? கண் போனாலாவது நாலு பேர் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள்.

அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில், வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் சொல்ல எனக்கு வராது. நேரில் போய்ப் பாயிடம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். பேச்சு வராவிட்டால் கையில் கொடுத்துக் காட்டுவதற்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து கொண்டு வந்திருந்த கெட்டுப்போன படம் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உள்ளே, வெளியே

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, சந்து முனையிலேயே படத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மாதாவின் முக்காடு கத்திரிப்பூ நிறத்தில் என்னைப் பார்த்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "பாய், எனக்கு இனிமே முடியாது." "பாய், எனக்கு வயசாயிடுச்சி."

கடை வாசலுக்கு வந்து, கடைசியாக ஒருமுறை படத்தைக் குனிந்து பார்த்தேன்.

நீலம்.

கண்ணை மூடித் திறந்தேன். நீலம்தான். புத்தி போய்விட்டது, சந்தேகமே இல்லை என்று பயந்து இரண்டடி பின்னால் போனேன். கத்திரிப்பூ.

முன்னால் வந்தேன். நீலம். பின்னால் போனேன். கத்திரிப்பூ.

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே பாய் கட்டிய தார்ப்பாய். மீன்பிடித் துறைமுகத்தில் வலை மூடுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த நீலத் தார்ப்பாய். ஷட்டரிலிருந்து எதிர்க் கம்பம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. உச்சி வெயில் அதன் வழியாக வடிந்து வாசல் முழுக்க நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. என் கை நீலம். சுவர் நீலம். அதன் அடியில் நின்று பழகிவிட்டால் தெரியாது. வெயிலிலிருந்து உள்ளே வரும் நொடியில் பார்த்தால்தான் தெரியும். நான் எப்போதும் கடைக்குள்ளிருந்துதான் வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் வெளியே போனேன். உள்ளே வந்தேன். வெளியே போனேன்.

"இன்னா பெரிம்மா, காய்ச்சல்னுட்டு தெருவுல டான்ஸ் ஆடினுகீற?" ஷட்டருக்குள்ளிருந்து கலா.

படத்தை அவள் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து வெயிலுக்குத் தள்ளினேன். பிறகு நிழலுக்கு இழுத்தேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "அடப்பாவி!" என்று கத்தினாள். "நானும் மூணு நாளா இங்க நின்னு பாத்துகினுகீறேன். உள்ள கத்திரிக்கா, வெளிய நீலம். மையில எவனோ சூனியம் வெச்சிட்டான்னு நெனச்சேன். பாய்! பாய்! இங்க வாங்க, உங்க தார்ப்பாய் செஞ்ச வேலைய வந்து பாருங்க!"

யூசுப் பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரையும் உள்ளே வெளியே என்று நடக்க வைத்தோம். மூன்றாம் தடவை நடந்துவிட்டு, எதிர்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காசிமேடு போய் பேரம் பேசி, நானே தோள்ல தூக்கினு வந்தேன்மா இத்த" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்கு மூணு நாளா வரல? காய்ச்சலா?"

"கண்ணு போச்சின்னு நெனச்சேன் பாய்."

அவர் எழுந்து போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் கையாலேயே தார்ப்பாயின் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் சரிந்ததும் வெயில் என் முகத்தில் வந்து விழுந்தது. அப்படியே நின்றேன். அந்த வெயில் எனக்குச் சுடவில்லை.

லாரிகளுக்கு நடுவே

கலா எண்களைத் திறந்து பார்த்தாள். சி நூறு, எம் தொண்ணூற்று இரண்டு. "என் தப்புதான் மொதல்ல" என்றாள். எம்மை எழுபதுக்கு இறக்கி ஒரு ப்ரூஃப் எடுத்தாள்.

தார்ப்பாய் போய்விட்டது. ஆனாலும் எனக்கு அந்த வாசல் மேல் நம்பிக்கை வரவில்லை. எதிர்வீட்டில் பச்சைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்தப் பச்சையும் தாளில் விழுகிறதோ என்று தோன்றியது. ப்ரூஃபையும் போன வருஷத்துப் படத்தையும் எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே போய்விட்டேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம் போல வரிசையாக நின்றிருந்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவே, மேலே வானம் தவிர வேறொன்றும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன்.

லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "இன்னா ஆயா, ஹார்பர் கேட் பாஸா அது? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. காலைலேர்ந்து நின்னுகினுகீறேன்."

"மாதா படம்."

"காட்டு. அட, நல்லா கீதே!"

"நல்லால்ல" என்றேன். முன்பின் தெரியாத ஆணிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நீலம் வந்திருந்தது. ஆனால் முக்காட்டு மடிப்புகளுக்குள், நிழல் விழும் இடத்தில், கத்திரிப்பூ இன்னும் ஒளிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கலாவிடம், "மடிப்புல செவப்பு" என்றேன். அவள் அந்த இடங்களில் மட்டும் குறைத்தாள். இரண்டாவது ப்ரூஃபில் மாதாவின் முகம் வெளிறிப் போனது. "முகத்தத் தொடாதே, முக்காட்ட மட்டும் தொடு." மூன்றாவதில் போன வருஷத்துப் படத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த நீலம். ஒவ்வொரு தடவையும் ரோட்டுக்கும் கடைக்கும் நடந்தேன். லாரி நகரவே இல்லை. டிரைவரும் ஒவ்வொரு தடவையும் கேட்டார்: "இன்னா ஆயா, பாஸா பெயிலா?"

நாலாவதை ரொம்ப நேரம் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை, தாளிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் "சரி" என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு தடவை தப்பாகச் சொன்ன சரி, அடுத்த சரியின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. படத்தைத் திருப்பிப் பிடித்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். லாரியின் நிழலில் பிடித்தேன். எங்கே வைத்தாலும் அது எங்கள் கோயில் மாதாவின் நீலமாகவே இருந்தது.

"பாஸ்" என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் ஹாரன் அடித்தார்.

கடைக்குப் போய்க் கலாவிடம், "ஓட்டு" என்றேன். ஷட்டருக்குள் மிஷின் ஓடத் தொடங்கிய சத்தத்தில் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. தாள் கட்டுகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் தூங்கினேன் என்று கலா பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

சொல்ல வேண்டியது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடியேற்றத்துக்கு முன்னால் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டு போனேன். தோரணம் கட்டி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பொம்மைக் கடைகளும் வடைக் கடைகளும் வந்துவிட்டிருந்தன. பிலோமினா ஒரு படத்தை எடுத்து, மேற்கே சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இப்பதான் மாதா மாரி கீறாங்க. மிஷின் சரியாயிடுச்சா?"

தலையை ஆட்டினால் போதும். ஆயுள் முழுக்க நான் செய்த வேலை அது. என் கண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பாய் சொன்ன பொய்யும் நல்ல மனசோடு சொன்னது. ஆனால் அக்கா "யாருக்கும் சொல்லாதே" என்றபோதும் நான் இப்படித்தான் தலையை ஆட்டினேன்.

"மிஷின் கெடல பிலோ" என்றேன். "நான்தான் பாத்து சரின்னு சொன்னேன். தார்ப்பாய்க்கு அடியில வெச்சிப் பாத்துட்டேன். நீலத் தார்ப்பாய், அதுல எல்லாம் நீலமாத் தெரிஞ்சிது. பாய் எனக்காக மிஷின் கோளாறுன்னுட்டாரு. அன்னிக்கி நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சபைப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டி ஞானம், பதினஞ்சு வருசமா இந்தச் சபைல கீற. இம்மா நீளமா நீ பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அந்தப் பழைய ஆயிரத்த இன்னா பண்ணீங்க? வீசிடலையே?"

"கடைலதான் கீது."

"வீசாதீங்க. பெரிய வெள்ளிக்கு வியாகுல மாதாவுக்கு ஆவும். அப்ப அந்த நெறம்தான் வோணும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் பாதியைத் தூக்கி என் கையில் வைத்தாள். "நீ வடக்கு வாசல்ல நின்னு குடு."

கொடி ஏறியது. வேட்டு வெடித்தது. வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், சிலர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாக வந்த நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடைசிப் படமும் போன பிறகு எனக்குப் பசித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, வயிறு சத்தம் போடும்படி பசித்தது. வாசலில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் போய் நின்று மூன்று மசால் வடை வாங்கினேன். கூட்டம் நெருக்கியடித்தது. வடைக்காரி சட்னியைத் தொட்டும் தொடாமலும் தெளித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

"இன்னும் ஊத்தும்மா" என்றேன், அவளுக்குக் கேட்கும்படியாக.

ஊற்றினாள்.